கடனை அடைத்தால் திட்டும் செயலி: சில வருட அனுபவம்

"நீதான் வருஷக்கணக்கா ஒரு செலவுக் கணக்குச் செயலி வெச்சிருக்கியே, எப்படி இருக்கு? நானும் போடலாமா?" என்று நண்பன் கேட்டான். ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே குறை உள்ள செயலிகள் இன்னும் இருக்கின்றன, ஒன்றை மட்டும் பிடித்து அடிப்பது நியாயமில்லை.

வசதிகளின் பட்டியல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வகைவாரியாகச் செலவு, மாத வரம்பு, வட்ட வரைபடம் எல்லாம் உண்டு, எல்லாம் ஒழுங்காக வேலை செய்கின்றன. என் புகார் ஒன்றே ஒன்று: கடனை அடைத்தால் இது திட்டுகிறது.

கார்டு பாக்கிக்கு வழக்கமாகக் கட்டும் தொகையோடு, போனஸ் வந்த மாதம் கூடுதலாக ஒரு பெரிய தொகையையும் கட்டினேன். பதிவு செய்ததும் முகப்பு முழுக்கச் சிவப்பு. 'இந்த மாதம் வரம்பை மீறிவிட்டீர்கள்' என்று அறிவிப்பு வேறு. அதற்கு முன்பு கை இறுக்கமாக இருந்த ஒரு மாதம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். அதற்குப் பச்சை நிறம், பாராட்டு, திரையில் காகிதப்பூ மழை. ஆக, கடன் அசையாமல் கிடந்த மாதம் நான் நல்ல பிள்ளை. கடன் சரிந்த மாதம் ஊதாரி.

காரணம் எளிது. வெளியே போகும் பணம் எல்லாமே இதற்குச் செலவு. ஆனால் கடன் தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. அசலாகப் போகும் பகுதி கைப்பணத்தைக் குறைக்கிற அதே அளவு கடனையும் குறைக்கிறது. நிகர சொத்து, அதாவது இருப்பதில் கடனைக் கழித்தால் மிஞ்சுவது, அப்படியே இருக்கிறது, அடுத்த மாத வட்டிதான் இறங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2 சதவீத வட்டியில் ஒரு லட்சம் கடன், அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 5,000 கட்டினால் 26 மாதம் ஆகும், வட்டியாக மட்டும் சுமார் 29,000 போகும். 8,000 கட்டினால் 15 மாதத்தில் கதை முடிந்துவிடும், வட்டி 16,000 சொச்சம். அந்தக் கூடுதல் 3,000 போகிற ஒவ்வொரு மாதமும் செயலி முகத்தைச் சுளிக்கும். மிச்சமாகிற 12,700 அதன் கண்ணில் படவே படாது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'கடன் தவணை' என்று தனி வகை தொடங்கி அதற்கு வரம்பு வையுங்கள் என்று பதில் வந்தது. வைத்தேன். வரம்புக்கு மேல் கட்டியதும் திரும்பவும் சிவப்பு. வரம்பை உயர்த்தி வைத்தால், அவ்வளவு கட்ட முடியாத மாதத்தில் 'மிச்சம் பிடித்துவிட்டீர்கள்' என்று வாழ்த்து. இன்னொரு வழியும் இருக்கிறது: கடனைத் தனிக் கணக்காகச் சேர்த்து, கட்டுவதை 'பணமாற்றம்' என்று போடலாம். சிவப்பு போய்விடும். ஆனால் 'இந்த மாதம் இன்னும் செலவழிக்கலாம்' என்று காட்டும் தொகையிலிருந்து அது கழியாது. கட்டி முடித்த பணம் இன்னும் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டியதுதான். இதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்று பழைய வழிக்குத் திரும்பிவிட்டேன்.

ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு பக்கத்தில் எழுதும் இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பச்சோலி 1494லேயே வெனிஸில் அச்சில் விளக்கிவிட்டார். வணிகர்கள் அதற்கும் முன்பிருந்தே அப்படித்தான் எழுதிவந்தார்கள். பணம் குறைந்தது ஒரு பக்கம், கடன் குறைந்தது மறுபக்கம், வட்டி மட்டும் செலவில். இலவசமாகக் கிடைக்கிற க்னூகேஷ் என்ற கணக்கு மென்பொருளில் இது சாதாரண விஷயம். ஐநூறு வருஷத்துக்கு மேல் பழகிய சங்கதி, சந்தா வாங்குகிற செயலிக்கு மட்டும் எட்டவில்லை.

சரி, கோபம் இருக்கட்டும். என் கடன் தீர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு, அதை மறைப்பது தப்பு. இந்தச் செயலி வங்கிக் கணக்கோடு இணையாது, ஒவ்வொரு செலவையும் நாமே பதிய வேண்டும். வாங்கிய புதிதில் இது என்ன கற்காலம் என்று நினைத்தேன். இப்போது இதன் ஒரே பெரிய பலம் அதுதான் என்பேன். 2001ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ராசென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டுக்கு ஏலம் கேட்டவர்களில், கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். காசைக் கையால் எண்ணிக் கொடுக்கும்போது ஓர் உறுத்தல் வரும், கார்டு அதை எடுத்துவிடுகிறது. அந்த உறுத்தலைக் கையால் பதியும் வேலை திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. பொருளை எடுக்கும்போதே 'இதை வேற பதியணுமே' என்று ஒரு சலிப்பு வரும். வைராக்கியத்தால் நான் நிறுத்திய செலவுகளைவிட அந்தச் சலிப்பால் நின்றவைதான் அதிகம்.

கூடவே ஒரு வேலை செய்யுங்கள்: 'மற்றவை' என்ற வகையை அழித்துவிடுங்கள். அது இருக்கும்வரை கூட்டல் சரியாக வரும், பணம் எங்கே போனது என்று மட்டும் தெரியாது. காப்பீடு மாதிரி வருஷத்துக்கு ஒருமுறை வருவதைப் பன்னிரண்டாக வகுத்து மாதாமாதம் ஒதுக்கிவிடலாம். செயலிக்கு அது தெரியாது, நாம்தான் செய்ய வேண்டும்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பதற்கும் இது வாய் திறக்காது. கணக்குப்படி, வட்டி அதிகமானதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். ஆனால் டேவிட் கால், பிளேக்லி மெக்‌ஷேன் இருவரும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், கடன் கணக்குகளை ஒவ்வொன்றாக முழுசாக மூடியவர்களே மொத்தக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று தெரியவந்தது. நானும் சின்னதிலிருந்துதான் தொடங்கினேன். முதல் கடன் பூஜ்யமானபோது செயலி என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. அன்றைக்குத்தான் காகிதப்பூ வந்திருக்க வேண்டும்.

கடன் எல்லாம் முடிந்ததும், கட்டிக்கொண்டிருந்த அதே தொகையை மாதாமாதம் முதலீட்டுக்குத் திருப்பினேன். பழகிப்போன தொகை, இல்லாமல் வாழக் கற்ற தொகை. சம்பளம் வந்ததும் அது தானாகப் போய்விடுகிறது. சொத்து சேர்க்க எனக்குத் தெரிந்த வழிகளில் இதுதான் வலி குறைந்தது. செயலிக்கோ இதுவும் செலவு, இதற்கும் சிவப்பு. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அமைப்புகளுக்குள் மூன்று அடுக்கு தாண்டிப் போனால் 'நிகர சொத்து' என்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே கடன் அடைத்த மாதங்களும் முதலீடு செய்த மாதங்களும் சரியாகவே வருகின்றன, கோடு வருஷம் முழுக்க மேலே ஏறுகிறது. சரியான படம் கையில் இருக்கிறது, அதை உள்ளே பூட்டி வைத்துவிட்டு வாசலில் தவறானதை மாட்டியிருக்கிறார்கள்.

தரவை முழுசாகக் கோப்பாக எடுத்துக்கொள்ள விடுகிறது, அது ஒரு நல்ல குணம். மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். அத்தனை பேர் பயன்படுத்திய மின்ட் என்ற செலவுக் கணக்குச் செயலியையே அதை நடத்திய இன்டுயிட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். கடன் இல்லாதவர்கள் தாராளமாகப் போடலாம். நண்பனுக்குக் கார்டு பாக்கி இருக்கிறது, அவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடைக்கத் தொடங்கும் முதல் மாதமே சிவப்பைப் பார்த்தால் ஆள் சோர்ந்துவிடுவான். ஒரு நோட்டும் பேனாவும் போதும் அவனுக்கு, கையால் எழுதுகிற பலன் அதிலும் உண்டு.

என்னைக் கேட்டால், இந்த முறை சந்தாவைக் கணிசமாக ஏற்றியும் திட்டிக்கொண்டே புதுப்பித்துவிட்டேன். அந்தத் தொகையைப் பதிந்ததும் வரம்பு மீறல் என்று சிவப்பு காட்டியது. இந்த ஒரு தடவை அது சொன்னது சரி.