லினக்ஸில் கேம் விளையாட எந்த வழி? நேட்டிவ், புரோட்டான், டுயல் பூட், கிளவுட்

"லினக்ஸுக்கு மாறிடலாம்னு இருக்கேன், ஆனா கேம் ஓடுமா?" விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி என் காதில் விழாத வாரமில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் என்றால் "கேமுக்கு விண்டோஸையே வச்சுக்கோ" என்று சொல்லி முடித்திருப்பேன். இப்போது நான் திருப்பிக் கேட்பது "எந்த கேம்?" என்றுதான். லினக்ஸில் கேம் விளையாட இன்றைக்கு நாலு வழி இருக்கிறது, அதில் எது சரிப்பட்டு வரும் என்பது உங்கள் கணினியைவிட உங்கள் கேம் பட்டியலைத்தான் பொறுத்திருக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாகக் கதை கேம்கள் விளையாடுபவர் என்றால் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை நம்பி இன்றே மாறலாம். ஆன்லைன் போட்டி ஷூட்டர்களிலேயே பொழுதைக் கழிப்பவர் என்றால் விண்டோஸை அழித்துவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம், அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

நேட்டிவ் போர்ட்

கேம் நிறுவனமே லினக்ஸுக்கென்று தனியாக ஒரு பதிப்பு வெளியிடுவது. கேட்க இதுதான் முறையான வழியாகத் தெரியும், நானும் பல வருடம் இதற்காகத்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். 1998-இல் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர் இதையே தொழிலாக வைத்து விண்டோஸ் கேம்களை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது, 2002-இல் மூடிவிட்டது. அப்புறம் 2013-இல் ஸ்டீம் என்ற கேம் கடை லினக்ஸுக்கு வந்தது, 2015-இல் அதை நடத்தும் வால்வ், லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கேம் கணினிகளை இறக்கியது, ஃபெரல் இன்டராக்டிவ் போன்றவர்கள் நல்ல நல்ல போர்ட்களைக் கொடுத்தார்கள். இருந்தும் அந்த மெஷின்கள் விற்கவில்லை. கேம் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் இல்லாததால் கேம் வரவில்லை, இந்த வட்டத்தை உடைக்க யாராலும் முடியவில்லை.

வந்த போர்ட்களும் நிலைத்து நிற்கவில்லை. ராக்கெட் லீக் 2020 மார்ச்சில் லினக்ஸ் பதிப்பைக் கைவிட்டது. கைவிடாத கேம்களுக்கும் வேறொரு சிக்கல் உண்டு. லினக்ஸின் மையமான கர்னல் மாறினாலும் பழைய நிரல் உடையக் கூடாது என்பதில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கறாரானவர், ஆனால் கர்னலுக்கு மேலே இருக்கிற, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் லைப்ரரிகள் அப்படிக் கட்டுப்பட்டவை கிடையாது. என்னிடம் ஒரு பழைய வியூக கேமின் லினக்ஸ் பதிப்பு இருந்தது. டிஸ்ட்ரோவை, அதாவது நான் போட்டிருந்த லினக்ஸ் தொகுப்பை, புதுப்பித்த பிறகு அது திறக்கவே மறுத்தது, டெர்மினலிலிருந்து ஓட்டிப் பார்த்தால் ஏதோ ஒரு லைப்ரரியைக் காணோம் என்று ஒரே ஒரு வரி. அந்த லைப்ரரியைத் தேடிப் போட்டால் அடுத்த லைப்ரரியைக் காணோம். ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஸ்டீமில் அந்த கேமின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய், கம்பாட்டிபிலிட்டி பகுதியில் புரோட்டானைக் கட்டாயமாக்கினேன். விண்டோஸ் பதிப்பு இறங்கியது, முதல் தடவையே ஓடியது. லினக்ஸுக்காகவே எழுதியது திணற, விண்டோஸுக்கு எழுதியது சரளமாக ஓடுகிறது. நேட்டிவ் மேல் நான் வைத்திருந்த பிடிவாதம் அன்றைக்குத்தான் தளர்ந்தது.

அதற்காக நேட்டிவ் வீண் என்று சொல்ல வரவில்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-உம் டோட்டா 2-உம் நேட்டிவாகத்தான் ஓடுகின்றன. ஃபேக்டோரியோவின் லினக்ஸ் பதிப்பு ஒரு படி மேலே போய், தன்னையே பிரதி எடுத்து அந்தப் பிரதியைப் பின்னணியில் சேவ் செய்ய வைக்கும் வசதியைத் தருகிறது. பெரிய தொழிற்சாலை கட்டியவர்களுக்குத் தெரியும், ஆட்டோசேவ் வரும்போது கேம் நின்று நின்று வருவது எவ்வளவு எரிச்சல் என்று. விண்டோஸ் பதிப்பில் இந்த வசதி கிடையாது. 2025 செப்டம்பரில் பால்டர்ஸ் கேட் 3-க்கு வால்வின் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்குக்கென்றே நேட்டிவ் பதிப்பு வந்தது. எழுதுபவர் அக்கறையோடு எழுதினால் நேட்டிவை அடிக்க ஆளில்லை. அந்த அக்கறை எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு இருக்கும் என்பதுதான் கேள்வி.

புரோட்டான்

புரோட்டானுக்கு அடித்தளம் வைன், 1993-இல் தொடங்கிய திட்டம். வேறொரு கணினியைப் போலவே நடிக்கும் எமுலேட்டர் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. விண்டோஸ் கேம் "இந்த ஃபைலைத் திற", "இந்த ஜன்னலைக் காட்டு" என்று கேட்பதை அப்படியே லினக்ஸுக்குப் புரிகிற அழைப்பாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். கேமின் நிரல் நேரடியாக உங்கள் ப்ராசஸரில்தான் ஓடுகிறது. வெகுகாலம் வைனின் பலவீனம் கிராஃபிக்ஸில் இருந்தது. அதை உடைத்தவர் ஃபிலிப் ரெபோலே. நியர் ஆட்டோமேட்டா கேமை லினக்ஸில் விளையாட வேண்டும் என்ற ஆசையில் அவர் தொடங்கிய டிஎக்ஸ்விகே, விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸ் 11-இன் கட்டளைகளை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றிக் கொடுத்தது. வால்வ் அவருக்குத் துணையாக நின்றது, 2018 ஆகஸ்ட் 21-இல் புரோட்டானை அறிவித்தது. அன்றைக்கு அதிகாரபூர்வப் பட்டியலில் 27 கேம்கள்தான். டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி-புரோட்டான் பிறகு வந்தது. 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் கைக்கு வந்தபோது, லினக்ஸ் என்ற பெயரே தெரியாதவர்கள்கூட லினக்ஸில் விளையாட ஆரம்பித்தார்கள்.

இன்று நடைமுறையில் எப்படி இருக்கிறது? ஸ்டீமில் இன்ஸ்டால் அழுத்துகிறேன், பிளே அழுத்துகிறேன். பெரும்பாலான கேம்களுக்கு வேறு வேலையே இல்லை. முதல் தடவை ஷேடர்களை (கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும் குட்டி நிரல்கள்) தயார் செய்யக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அந்தக் காத்திருப்பில் ஒரு நன்மையும் உண்டு. எல்டன் ரிங் 2022-இல் வந்தபோது விண்டோஸில் திக்கித் திக்கி ஓடுகிறது என்று எல்லோரும் புலம்பினார்கள், வால்வ் தன் பக்கத்தில் செய்த திருத்தங்களால் அதே கேம் டெக்கில் கணிசமாகச் சீராக ஓடியது. லெனோவோ 2025-இல் லீஜன் கோ எஸ் என்ற ஒரே கையடக்கக் கருவியை விண்டோஸோடும் வால்வின் லினக்ஸான ஸ்டீம்ஓஎஸ்ஸோடும் தனித்தனியாக விற்றதால் நேருக்கு நேர் ஒப்பிடவும் முடிந்தது. பல கேம்களில் ஸ்டீம்ஓஎஸ்தான் அதிக ஃப்ரேம் தந்தது.

ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கேம்களுக்கு ஹீரோயிக் என்ற செயலி இருக்கிறது, எபிக், ஜிஓஜி கடைகள் இரண்டையும் பார்த்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு லூட்ரிஸ். கேமுக்கு நடுவில் வரும் வீடியோ ஓடாமல் பழைய டிவி நிறப்பட்டைகள் மாதிரி திரையில் தெரிந்தால் பயப்படாதீர்கள், அந்த வீடியோவைப் படிக்கும் கோடெக் இல்லை என்று அர்த்தம். ஜிஇ-புரோட்டான் என்ற சமூகப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது, நானும் விழுந்தேன். விண்டோஸில் ஏற்கெனவே இறக்கி வைத்த 300 ஜிபி கேம்களை மறுபடி எதற்கு இறக்குவது என்று, அந்த என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு அமைப்பு) பார்ட்டிஷனையே லினக்ஸ் ஸ்டீமுக்குக் காட்டினேன். பிளே அழுத்தினால் பட்டன் நீலமாக மாறும், இரண்டு வினாடியில் பழையபடி பச்சைக்கு வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் கிடையாது. காரணம் என்னவென்றால், புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டரை உருவாக்குகிறது, அதற்குள் முக்காற்புள்ளி சேர்ந்த பெயர்களும் சிம்பாலிக் லிங்குகளும் (வேறு இடத்தைச் சுட்டும் குறுக்குவழிகள்) வரும், விண்டோஸ் அந்தப் பெயர்களை ஏற்காது, என்டிஎஃப்எஸ்ஸில் இது குழப்பத்தில் போய் முடியும். லினக்ஸின் எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் பார்ட்டிஷனில் போடுங்கள், பழைய டிஸ்க்கிலிருந்து கேம் ஃபோல்டரை நகலெடுத்தாலே போதும், ஸ்டீம் சரிபார்த்து மிச்சத்தை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் வித்தியாசம் இன்னும் இருக்கிறது. ஏஎம்டி என்றால் டிரைவர் கர்னலிலும் மெசா என்ற கிராஃபிக்ஸ் தொகுப்பிலும் கூடவே வந்துவிடும், நீங்கள் எதையும் தொட வேண்டாம். என்விடியா முன்பைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது, 2024-இல் வந்த 555 டிரைவரோடு வேலேண்ட் என்ற திரை அமைப்பில் திரை மினுக்கும் தொல்லை பெருமளவு தீர்ந்தது, ஆனாலும் டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸோடு ஒப்பிட்டால் ஃப்ரேம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைகிறது. புதிதாக வாங்குபவர் என்றால் ஏஎம்டிதான் என் தேர்வு. ஒரே ஒரு எச்சரிக்கை, ஏஎம்டியின் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 ஆதரவு சேர்க்க 2024-இல் எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டது. 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கிற மானிட்டராகப் பாருங்கள்.

சுவர் எங்கே இருக்கிறது

ஆன்டி-சீட், அதாவது ஏமாற்றி விளையாடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள். மனசு கசக்கிற இடம் இதுதான். வேலரன்ட்டும் லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் கேட்கும் வேன்கார்ட், பேட்டில்ஃபீல்ட் 6 கேட்கும் ஜாவலின் எல்லாம் விண்டோஸ் கர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்பவை. புரோட்டானில் விண்டோஸ் கர்னலே கிடையாது, உட்கார இடமில்லை. இதை டிரைவர் அப்டேட்டோ அடுத்த புரோட்டான் பதிப்போ சரி செய்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொரு வகை உண்டு. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021-லிருந்தே புரோட்டானில் வேலை செய்கின்றன, ஆனால் கேம் நிறுவனம் அனுமதித்தால்தான். எல்டன் ரிங், ஆர்க் ரெய்டர்ஸ் எல்லாம் லினக்ஸில் ஆன்லைனில் நன்றாகவே ஓடுகின்றன. ஈஸி ஆன்டி-சீட்டின் சொந்தக்காரரான எபிக், தன்னுடைய ஃபோர்ட்நைட்டுக்கு அனுமதி தரவில்லை. ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ வந்தது, அதோடு லினக்ஸ்காரர்கள் வெளியே. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் பல காலம் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் 31-இல் கதவைச் சாத்தினார்கள், ஏமாற்றுக்காரர்கள் லினக்ஸைப் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஏமாற்றுக்காரர்கள் கேமைக் கெடுப்பது உண்மை, அவர்களால் நொந்துபோய் கேமையே விட்டவர்களை எனக்குத் தெரியும். இருந்தாலும் வருடக்கணக்கில் நேர்மையாக விளையாடியவனை, அவன் வைத்திருக்கிற இயங்குதளத்துக்காக ஒரே நாளில் வெளியே தள்ளுவது நியாயமில்லை. ஆகவே மாறுவதற்கு முன் உங்கள் ஆன்லைன் கேம்களை ஆர் வி ஆன்டி-சீட் யெட் தளத்திலும், மற்றதைப் புரோட்டான்டிபியிலும் தேடிப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

டுயல் பூட்

ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்து, தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் கேம் இருந்தால் இதுதான் வழி. ஒரே டிஸ்க்கைப் பாதியாகப் பிரிக்காமல் இரண்டு தனி எஸ்எஸ்டியாக வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு பாதுகாப்பு அப்டேட், செக்யூர் பூட் (சான்றளித்த மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) போட்டிருந்த பல டுயல் பூட் கணினிகளில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்துவிட்டது. அதனால் லினக்ஸ் டிஸ்க்குக்கென்று ஒரு மீட்பு பென்டிரைவும் கைவசம் இருக்கட்டும். பேட்டில்ஃபீல்ட் 6 செக்யூர் பூட்டைக் கட்டாயமாக்குவதால், அது போட்டிருந்தாலும் சிரமமில்லாமல் பூட் ஆகிற உபுண்டு, ஃபெடோரா மாதிரியான டிஸ்ட்ரோவாக எடுத்தால் தலைவலி குறைவு. விண்டோஸுக்குப் போய் வந்ததும் கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று எண்ண வேண்டாம், விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் எழுதி வைப்பதால் வரும் குழப்பம், ஒரு அமைப்பை மாற்றினால் தீரும். விர்ச்சுவல் மெஷினுக்குக் கிராஃபிக்ஸ் கார்டைக் கொடுத்து விண்டோஸ் ஓட்டும் வித்தையும் உண்டு, ஆனால் பல ஆன்டி-சீட்கள் அதையும் மோப்பம் பிடித்துவிடுவதால் அந்த உழைப்புக்குப் பலன் குறைவு.

டுயல் பூட்டின் உண்மையான குறை மனசு சம்பந்தப்பட்டது. ரீபூட் செய்யச் சோம்பேறித்தனம் வந்து, ஒரு வாரம் முழுக்க விண்டோஸிலேயே இருந்துவிடுவோம், அப்புறம் லினக்ஸ் பழகவே பழகாது.

கிளவுட்

கேம் வேறெங்கோ ஒரு சர்வரில் ஓடும், படம் மட்டும் உங்கள் திரைக்கு வரும். என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் பிரௌசரிலேயே ஓடும், ஸ்டீம் டெக்குக்குத் தனிச் செயலியும் உண்டு. ஃபோர்ட்நைட் மாதிரி லினக்ஸில் அடைபட்டிருக்கும் சில கேம்களுக்கு இது பின்வாசல். மைக்ரோசாஃப்ட்டின் சந்தா சேவையான கேம் பாஸையும் பிரௌசர் வழியாக கிளவுடில்தான் லினக்ஸில் விளையாட முடியும். பொறுமையாக விளையாடும் கேமுக்குச் சரி, குறிபார்த்துச் சுடுவதற்கு அந்தத் தாமதம் எனக்கு ஒத்துவரவில்லை.

இனி என்ன

ஸ்டீம் கணக்கெடுப்பில் லினக்ஸின் பங்கு 2025 அக்டோபரில் முதல் முறையாக 3 சதவீதத்தைத் தாண்டியது. சின்ன எண்தான். ஆனால் அடுத்த மாதமே வால்வ் புதிய ஸ்டீம் மெஷினை அறிவித்தது, இந்த முறை பின்னால் புரோட்டான் இருக்கிறது, கேம் இல்லாத பெட்டியை விற்கப் போகும் நிலை இல்லை. கர்னல் 6.14-இல் வந்த என்டிசிங்க், விண்டோஸ் கேம்கள் த்ரெட்களை (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை) ஒருங்கிணைக்கும் முறையைக் கர்னலிலேயே செய்து கொடுக்கிறது. எல்லாம் ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கிறதே என்று சிலர் பயப்படுவது புரிகிறது, எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு. ஆனால் வைனும் டிஎக்ஸ்விகேவும் திறந்த மூலம், வால்வ் நாளைக்கே ஆர்வம் இழந்தாலும் எழுதிய நிரல் நம்மிடமேதான் இருக்கும். புரோட்டான் வந்ததால் நேட்டிவ் போர்ட்கள் குறைந்தன என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கிறேன், ஆனால் பராமரிப்பில்லாத போர்ட்டைவிட பராமரிப்புள்ள மொழிபெயர்ப்பு மேல் என்பதை அந்தப் பழைய வியூக கேமிடம் கற்றுக்கொண்டேன்.

டிஸ்ட்ரோ எது என்று கேட்டால், கன்சோல் மாதிரி கைவைக்காமல் ஓட வேண்டும் என்பவருக்கு பஸைட், மற்ற வேலைகளுக்கும் அதே கணினி என்றால் மின்ட் அல்லது ஃபெடோரா, எல்லாம் புதுசாகவே வேண்டும் என்றால் கேச்சிஓஎஸ். விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றாமல் இன்னொரு டிஸ்க்கில் இதில் ஒன்றைப் போட்டு, நீங்கள் அதிகம் விளையாடும் 5 கேம்களை மட்டும் இறக்குங்கள். ஒரு மாதம் கழித்து, எந்தெந்த கேமுக்காக விண்டோஸுக்கு ரீபூட் செய்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என்னுடைய பட்டியலில் அப்படி ஒரே ஒரு கேம் மிச்சமிருக்கிறது, அதுவும் நண்பர்கள் கூப்பிட்டால் மட்டும்.