மாடி வென்ட் பைப்பும் கொசுவலையும்: மூன்று வகை வலைகளைப் பயன்படுத்திய அனுபவம்

செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால் டேங்க் காற்று வெளியேற மொட்டை மாடியில் ஒரு வென்ட் பைப் நிற்கும். அதன் வாயில் கொசுவலை கட்டியே ஆக வேண்டுமா, கட்டினால் எந்த வலை என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீடு தாம்பரம் பக்கம், தரைத்தளமும் ஒரு மாடியும். பைப் 4 இஞ்ச் பி.வி.சி. பக்கத்து மனையில் பெரிய வேப்பமரம். நைலான், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு), ஸ்டீல் என்று மூன்று வகை வலையையும் வருடக்கணக்கில் பயன்படுத்திப் பார்த்துவிட்டோம்.

வலை கட்டாயம் வேண்டும். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குச் செப்டிக் டேங்க் தண்ணீர் மிகவும் பிடித்த இடம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். டேங்க் மூடியைச் சிமென்ட் பூசி அடைத்தாலும், பைப் திறந்திருந்தால் அதுவே வாசல். பைப் வாயில் மாட்டக் கடையில் விற்கும் இடைவெளி விட்ட மூடியான பிளாஸ்டிக் கவுல் இலையைத் தடுக்கும்; அதன் இடைவெளியில் கொசு தாராளமாகப் போய்வரும்.

ஆனால் பைப்பை அடைப்பதும் பெரும்பாலும் இந்த வலைதான். இதை யாரும் சொல்வதில்லை.

முதலில் நைலான் வலையைக் கம்பியால் கட்டியிருந்தோம். மலிவு, கட்டுவதும் சுலபம். கொசு உடனே குறைந்தது. ஆனால் டேங்கிலிருந்து வரும் காற்று ஈரமானது. அந்த ஈரத்தில் தெருத் தூசி ஒட்டும், சிலந்தி கூடு கட்டும், வேப்பம்பூ உதிரும் காலத்தில் அதுவும் சேர்ந்துகொள்ளும். கடைசியில் வலை ஒரு தட்டு மாதிரி இறுகிப்போனது. மாடி டாய்லெட்டில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கீழ் பாத்ரூம் நாணி ட்ராப்பில் (தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே, கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் அமைப்பு) ‘குளுக் குளுக்’ என்று சத்தம். அப்புறம் நாற்றம்.

காரணம் எளிது. பைப்பில் வேகமாக இறங்கும் தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். அந்தக் காற்று மாடி வழியாக வர வேண்டும். அங்கே அடைத்திருந்தால் ட்ராப்பில் நிற்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு வரும். நாற்றத்தைத் தடுத்து வைத்திருப்பதே அந்த இரண்டு இஞ்ச் தண்ணீர்தான். வந்த பிளம்பர் லைனில் அடைப்பு என்று ஆசிட் ஊற்றச் சொன்னார். லைனில் அடைப்பு என்றால் தண்ணீர் தேங்கும், எதிர்த்து வரும். எங்கள் வீட்டில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. சத்தமும் நாற்றமும்தான் தொல்லை. இப்படி இருந்தால் ஆசிட் வாங்குவதற்கு முன் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.

வெயிலில் நைலான் பொடிந்ததும் ஜி.ஐ. வலைக்கு மாறினோம். இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டேங்க் காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடும் ஈரமும் சேர்ந்து துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துரு உதிர ஆரம்பித்தது.

இப்போது இருப்பது 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை, ஹோஸ் கிளாம்ப்பால் இறுக்கியது. விலை அதிகம்தான், ஆனால் இன்றுவரை துரு இல்லை. இதிலும் தூசி சேரும். ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, பிரஷ் போட்டுக் கழுவி மாட்டிவிடலாம். ஓட்டை 1.2 முதல் 1.5 மி.மீ. வரை இருந்தால் போதும். அதைவிட நெருக்கமான வலை சீக்கிரம் அடைக்கும். ஜிம்பாப்வேயில் பீட்டர் மோர்கன் உருவாக்கிய காற்றோட்டக் குழாய்க் கழிப்பறையிலும் பூச்சி வலைக்கு இதே அளவைத்தான் சொல்கிறார்கள். 2013-இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருது பெற்றவர் அவர்.

இன்னொரு விஷயம், உயரம். டேங்க் வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால் வென்ட் பைப் கட்டடத்தின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும் என்பது செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470 சொல்லும் விதி. எங்கள் தெருவில் பல பைப்புகள் கைப்பிடிச் சுவரோடு நின்றுவிடுகின்றன, துணி காயப்போடும் இடத்துக்கு நேராக. உயர்த்தினால் வலையைக் கழுவ எட்டாதே என்ற தயக்கம் எங்களுக்கும் இருந்தது. அதனால் மேல் துண்டை மட்டும் சால்வென்ட் பசை போட்டு ஒட்டாமல், ரப்பர் ரிங் வைத்த பைப்பாகப் பொருத்தி, ஹெட்ரூம் (மாடிப்படி அறை) சுவரில் கிளாம்ப் அடித்துப் பிடிக்க வைத்தோம். கிளாம்ப்பைத் தளர்த்தினால் அந்தத் துண்டு தனியாகக் கையில் வந்துவிடும். ஏணி தேவையே இல்லை. ஸ்டீல் வலையைவிட இந்த ஏற்பாடுதான் எங்களுக்கு அதிகம் உதவியது என்று சொல்வேன்.

வேப்பம்பூ உதிர்ந்து முடிந்ததும் ஒரு முறை, மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை கழுவுகிறோம். கழற்றும்போது பைப் வாய்க்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்து வாசனையே தெரியாமல் போகும். மீத்தேனும் உண்டு, எனவே பக்கத்தில் தீக்குச்சி, சிகரெட் கூடாது. வேலைக்கு ஆள் வைத்தால் அவரிடமும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.