பதினொரு ஸ்பீடு பிரேக்கரும் ஒரு ஐ20 என் லைனும்: நாலு வருஷ அனுபவம்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி நண்பன் ஒருவன் போன் செய்தான். "மச்சி, கார் வரி குறைஞ்சதிலேர்ந்து கை அரிக்குது. ஹூண்டாய் ஐ20 'என் லைன்' எடுக்கலாமா? நீதான் நாலு வருஷமா ஓட்டுறியே, சொல்லு."

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் டயர் கடையின் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, என் கார் மூன்றாவது முறையாக ஒரு டயரை இழப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வேண்டாம்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து மனசு உறுத்த ஆரம்பித்தது. நாலு வருஷம் சோறு போட்ட நாயைத் தெருவில் விட்டுவிட்டு வந்த மாதிரி. அதனால் அவனுக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 2022 பிப்ரவரியில் எடுத்த என்6 ரகம், கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி கியர். நீல நிறம். இதுவரை 46 ஆயிரம் கிலோமீட்டர். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின், 120 பிஎஸ் சக்தி, 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை என்பதெல்லாம் கார் பிரியர்களுக்குத் தெரிந்திருக்கும். "இதெல்லாம் ஒரு ஹாட் ஹேட்ச்சா (வேகத்துக்காக முறுக்கேற்றிய சின்ன காரா)?" என்ற கேள்வியும் பழகிப்போனதுதான். ஐரோப்பாவில் விற்ற நிஜமான 'ஐ20 என்' காருக்கு 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ். நமக்கு வந்தது பெயருக்குப் பின்னால் 'லைன்' ஒட்டிக்கொண்ட தம்பி. அண்ணன் பட்டாளத்தில் இருக்க, தம்பி அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். ஆனால் தம்பி வெறும் சட்டையோடு வரவில்லை. நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சாதாரண ஐ20-ஐ விட கனமான ஸ்டியரிங், இறுக்கிய சஸ்பென்ஷன், தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சைலன்சர். அறிமுக விலை 9.84 லட்சத்தில் ஆரம்பித்த வண்டிக்கு இது குறைவில்லை.

அந்த இறுக்கிய சஸ்பென்ஷனில்தான் வினை.

சித்தாலப்பாக்கத்தில் வீடு, சிறுசேரியில் வேலை. பெரும்பாக்கம் வழியாக சோழிங்கநல்லூர் போய் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பிடிப்பேன். மெட்ரோ வேலையால் ஓஎம்ஆர் எப்படி இருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் பிரச்சினை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வீட்டு வாசலிலிருந்து ஓஎம்ஆர் வரை பதினொரு ஸ்பீடு பிரேக்கர். கார் எடுத்தபோது ஏழுதான் இருந்தது.

மாநகரத்து மேடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. மூன்றாவது பார்த்தால் சாது, ஏறினால் தெரியும். ஐந்தாவது இரட்டை, ஒன்றன் பின் ஒன்றாக, முன்சக்கரம் இறங்கும்போது பின்சக்கரம் ஏறும். அம்மா பின்சீட்டில் இருந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் "முருகா" என்பார். எந்த மேட்டுக்கு எத்தனை முருகா என்று எனக்கு மனப்பாடம். பழைய காரில் மொத்தப் பயணத்துக்கும் இரண்டு முருகா. இதில் குறைந்தது எட்டு. அக்கா வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் குழம்பு வாங்கி வரும் நாளில் பத்தைத் தாண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஏழாவதை அளந்தேன். சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வட்ட முதுகு ஸ்பீடு பிரேக்கர் என்றால் உயரம் 10 சென்டிமீட்டர், வண்டி போகும் திசையில் அகலம் 3.7 மீட்டர் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 25 கிலோமீட்டர் வேகத்தில் குலுங்காமல் ஏறி இறங்கலாம். ஏழாவதின் உயரம் 15 சென்டிமீட்டர். அகலம்? அறுபது சென்டிமீட்டர். மீட்டர் இல்லை, சென்டிமீட்டர். அதற்குப் பேர் வேகத்தடை இல்லை, வரப்பு. நான் குனிந்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து, "சார், இடிக்கப் போறாங்களா?" என்று டீக்கடைக்காரர் ஆசையாகக் கேட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்தக் கார் பிறந்தது இருங்காட்டுக்கோட்டையில். அதே ஊரில்தான் நம்ம ரேஸ் டிராக்கும் இருக்கிறது. அந்த டிராக்கின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். டிராக்குக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு, 3.7 மீட்டர் மேடு ஒன்றைக்கூட வாழ்நாளில் பார்க்காத கார் என்னுடையது.

சரி, புலம்பல் போதும். நான் இந்தக் காரை இன்னும் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது நான் காசு கொடுக்கும்போது எதிர்பார்க்காத ஒன்று.

ஐஎம்டி என்றால் கிளட்ச் பெடல் இல்லாத மேனுவல். கியர் லீவர் உண்டு, ஆறு கியர் உண்டு, போடுவதும் எடுப்பதும் நம் கைதான். லீவரை அசைக்க ஆரம்பித்ததும் அதிலுள்ள சென்சார் கணினிக்குச் சொல்லும், கணினி ஹைட்ராலிக்கை ஏவி கிளட்ச்சை அமுக்கும். கியர் விழுந்ததும் விட்டுவிடும். இடது காலுக்கு வேலையே கிடையாது. ஷோரூமில் இதைக் கேட்டபோது, "ஆட்டோமேட்டிக்கும் இல்லாம மேனுவலும் இல்லாம இது என்னங்க ரெண்டுங்கெட்டான்" என்றாள் என் மனைவி. எனக்கும் அதே எண்ணம்தான். டிசிடி என்ற இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்குக்குக் காசு பத்தவில்லை, அதனால் எடுத்தேன். அவ்வளவுதான் உண்மை.

முதல் மாதம் கூத்துதான். அப்பா அம்பாசடரில் கை பழகியவர். ஓட்டிப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்தார். இரண்டாவது கியர் போடும் நேரத்தில் அவருடைய இடது கால் நாற்பது வருஷப் பழக்கத்தில் கிளட்ச்சைத் தேடிப் போய், பிரேக்கை ஓங்கி மிதித்தது. பெல்ட் போட்டிருந்ததால் நெற்றிகள் பிழைத்தன. "காலுக்கு வேலை இல்லாத வண்டியை ஓட்டுறதுக்கு நான் கிழவன் ஆகலை" என்று இறங்கிப் போனவர், பிறகு தொடவே இல்லை. கல்யாண மண்டபங்களில் கார் நிறுத்த வரும் பையன்கள் உள்ளே உட்கார்ந்து, கீழே குனிந்து பார்த்து, சாவியோடு திரும்பி வருவார்கள். "சார், நீங்களே போட்டுடுங்களேன்."

பழகிய பிறகு அது வேறு உலகம். காலையில் சோழிங்கநல்லூர் சிக்னலுக்கு நாற்பது நிமிஷம் ஊர்ந்து போகும்போது முதல் கியரில் போட்டு பிரேக்கை லேசாக விட்டால் போதும், கார் தானாக நகரும். வண்டி அணைந்து பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கும் அவமானம் கிடையாது. முழங்கால் வலி இல்லை. அதே நேரம் சாலை காலியானால் மூன்றாவதில் இழுத்துப் பிடித்து, நானே முடிவு செய்து நான்காவதுக்கு மாற்றும் சந்தோஷமும் போகவில்லை. ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்தால் எனக்குக் கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரும். இதில் கை விழித்திருக்கும், கால் தூங்கும்.

ஒன்றே ஒன்று. இந்த சின்ன டர்போ இன்ஜின் நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே சோம்பேறி. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி இரண்டாவது கியரிலேயே மிதித்தால், "என்னையா கூப்பிட்டே?" என்று ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அதனால் மேடு வந்தால் முதல் கியருக்கு இறக்கிவிடுவேன். பதினொரு மேட்டுக்குப் போக, வர என்று ஒரு நாளைக்கு இருபத்திரண்டு தடவை. கிளட்ச் இருந்திருந்தால் என் முட்டி என்னவாகியிருக்கும் என்று நினைத்தே பார்க்க முடியவில்லை. ஆக, மேடுகளை நான் வெறுப்பதும் ஐஎம்டியை விரும்புவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

மைலேஜ்: ஊருக்குள் 11, 12. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 17. நிதானமாகப் போனதில்லை.

கார் தன்னை நிரூபித்தது ஏலகிரியில். போன வருஷம் அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, பெங்களூர் நெடுஞ்சாலையில் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி மலையடிவாரத்துக்குப் போனபோது நன்றாக விடிந்திருந்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் வளைவிலேயே அந்தக் கனமான ஸ்டியரிங்கும் இறுக்கமான சஸ்பென்ஷனும் எதற்காக என்று புரிந்தது. ஊருக்குள் நம்மைத் தண்டித்த அதே இறுக்கம் மலையில் காரைத் தட்டையாகப் பிடித்துக்கொண்டது. இரண்டாவதில் உள்ளே, வளைவு முடியும் முன்பே மிதி, மூன்றாவது, மறுபடி இரண்டாவது. கால் சும்மா கிடக்க, கை மட்டும் தாளம் போட்டது. பின்சீட்டில் அம்மா ஒரு தடவைகூட முருகா என்று சொல்லவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். மேலே போய் இறங்கியதும், "இந்த ரோட்டுக்கு வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார். அம்மாவிடமிருந்து இது பெரிய சான்றிதழ்.

ஆனால் நான் ஏலகிரியில் குடியிருக்கவில்லை.

டயர் கதைக்கு வருகிறேன். டயரின் அளவு 195/55 ஆர்16. அதாவது ரிம்முக்கும் தார்சாலைக்கும் நடுவே இருக்கும் ரப்பர் சுவர் பத்தே முக்கால் சென்டிமீட்டர்தான். ஸ்பீடு பிரேக்கரின் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் தேங்கும். தேங்கினால் தார் பெயரும். பெயர்ந்தால் மேட்டை ஒட்டியே ஒரு பள்ளம். மேட்டிலிருந்து இறங்கும் சக்கரம் நேராக அதன் விளிம்பில் போய் மோதும். உள்ளே இருக்கும் நூல் அறுந்து, பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி வீங்கும். வீங்கிய டயருக்கு ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும். முதலாவது 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் தண்ணீர் வடிந்த வாரத்தில் போனது. அதை இயற்கையின் கணக்கில் எழுதிவிட்டேன். இரண்டாவது என் தப்பு. மைலேஜ் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி காற்றைக் கூட்டி வைத்திருந்தேன். மூன்றாவதுதான் இப்போது. பதினொன்றாவது மேடு போன மாதம் ஒரே ராத்திரியில் முளைத்தது. வெள்ளைக் கோடு இல்லை, போர்டு இல்லை, தெருவிளக்கு இருந்தும் எரியவில்லை. அடுத்த மழையிலேயே பக்கத்தில் பள்ளமும் தயார்.

"இந்த டயருக்கு நம்ம ரோடு ஆகாது சார்" என்றார் கடைக்காரர், மூன்று முறையும் அதே வார்த்தைகளில். ஏழாயிரத்துச் சொச்சம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன காருக்கு மட்டுமில்லை, டயருக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சலுகையால் காருக்கு முந்தி டயரில் பயனடைந்தவன் நான்.

விற்றுவிடலாம் என்றும் ஒரு தடவை யோசித்தேன். இரண்டாவது டயர் போன சமயம். பழைய கார் வாங்குபவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், நல்ல விலைதான் சொன்னார். அப்புறம், "கிளட்ச் இல்லாத மேனுவலை யார் சார் வாங்குவா?" என்று இன்னும் இருபதாயிரம் குறைத்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. ஐஎம்டி எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குப் பதினைந்து நிமிஷம் பாடம் நடத்தி, காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். "விக்கிறதுக்குக் கூப்பிட்டீங்களா, சண்டை போடக் கூப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

நண்பனுக்கு வருகிறேன். 2023-இல் வந்த புதுப்பித்த என் லைனில் ஐஎம்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது கிளட்ச் உள்ள ஆறு கியர் மேனுவல், இல்லாவிட்டால் டிசிடி. உண்மையான ஸ்போர்ட்டி கார் என்றால் மூன்று பெடல் வேண்டும் என்று கேட்டவர்களுக்கு சந்தோஷம். எனக்கு மனசு ஆறவில்லை. அதாவது, நான் மேலே மூச்சுவிடாமல் புகழ்ந்தது உனக்குக் கடையில் கிடைக்காது. நான் திட்டிய பதினொன்றும் கிடைக்கும், அவை காரோடு வருபவை அல்ல, ஊரோடு வருபவை. கோயம்புத்தூரில் எத்தனை இருக்கிறதோ, நீயே எண்ணிக்கொள்.

அதனால் என் பதில் மாறவில்லை: வேண்டாம். அம்மா, அப்பா கூட இருக்கிறார்கள், தினமும் ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் உயரமான வண்டியாகப் பார், டயர் தடியாக இருக்கட்டும். என்னிடம் கேட்டால் நான் மறுபடியும் இதையே எடுப்பேன், ஆனால் நீ என் பேச்சைக் கேட்கிறாயா, நான் செய்வதைப் பார்க்கிறாயா என்பது உன் பாடு.

இதை எழுதி முடிப்பதற்குள் அவனே திரும்பக் கூப்பிட்டுவிட்டான். அடுத்த வாரம் தாம்பரத்தில் ஒரு கல்யாணம், வருகிறானாம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்தே ஆக வேண்டுமாம். சரி என்றேன். பதினொன்றின் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். ஏழாவதுக்கு மட்டும் வலது ஓரமாகப் போகச் சொல்லியிருக்கிறேன், டீக்கடைப் பக்கம் லாரி ஏறி ஏறிக் கொஞ்சம் தேய்ந்திருக்கும்.