டெர்பிக்கு முந்தைய வாரமும் ஒரு ஸ்கோர் செயலியும்

நாளை மாலை டெர்பி, அதாவது நான் பின்தொடரும் கால்பந்து அணி, தன் பரம்பரைப் போட்டியாளரான பக்கத்து அணியைச் சந்திக்கிறது. லீகில் இன்னும் 2 ஆட்டங்களே மீதம். நாங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறோம், அவர்கள் 2 புள்ளிகள் பின்தங்கி மூன்றாம் இடத்தில் இருக்கிறார்கள், முதல் 2 அணிகளுக்கு மட்டுமே மேல் லீகுக்கு நேரடி வாய்ப்பு. கோல் விழுந்த செய்தியை எந்த ஸ்கோர் செயலியும் நொடிகளில் தந்துவிடும். நான் சந்தா கட்டிப் பயன்படுத்தும் செயலி, ஆட்டமே இல்லாத இந்த ஒரு வாரத்தில் எனக்கு என்ன தந்தது என்பதைத்தான் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது அதன் புள்ளிப் பட்டியல் கணிப்பான். மீதமுள்ள ஆட்டங்களின் முடிவுகளை நாமே இட்டால், பட்டியல் அந்தக் கணமே மாறி நிற்கிறது. நாளை வென்றால் இடைவெளி 5 புள்ளிகளாகி அன்றே மேலேறிவிடுவோம், தோற்றால் அவர்கள் 1 புள்ளி முன்னே போய்விடுவார்கள் என்பதை மனக்கணக்காக எவரும் அறிவார். ஆனாலும் '1-0' என்று இட்டதும் நம் அணியின் பெயருக்கு அருகே பச்சைக் கோடு விழுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு அனுபவம். இந்த வாரம் எத்தனை இரவுகள் அந்தக் கோட்டுக்காகவே செயலியைத் திறந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை.

அதே பக்கத்தில் பழைய சீசன்களையும் திறந்து பார்க்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஒரு டெர்பியின் முடிவு ஒரு சீசனையே எப்படித் திருப்பிவிடும் என்பதற்கு 2011-12 சீசனின் ஷெஃபீல்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. இங்கிலாந்தின் அந்த ஒரே நகரத்தில் வென்ஸ்டே, யுனைடெட் என்று இரு அணிகள். 2012 பிப்ரவரியில் நடந்த ஆட்டத்தில் வென்ஸ்டே அணி யுனைடெட்டை 1-0 என வென்றது. சீசன் முடிவில் வென்ஸ்டே 93 புள்ளிகளுடன் நேரடியாக மேலேற, 90 புள்ளிகள் எடுத்த யுனைடெட், மீதமுள்ள ஓர் இடத்துக்காக அடுத்த நிலை அணிகள் மோதும் பிளே-ஆஃப் சுற்றின் இறுதியில் பெனால்டிகளில் தோற்று அதே லீகிலேயே தங்கிவிட்டது. அந்த ஒரு டெர்பி டிராவில் முடிந்திருந்தால் இரு அணிகளும் 91 புள்ளிகளில் சமமாக நின்றிருக்கும், கோல் வித்தியாசத்தில் (அடித்த கோல்களிலிருந்து வாங்கியவற்றைக் கழித்த எண்ணிக்கை) யுனைடெட் மேலேறியிருக்கும். இதைப் படித்த பிறகு நாளைய ஆட்டத்தை 'வெறும் 3 புள்ளிகள்' என்று யார் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இவ்வளவு நல்ல கருவியில்தான் மன்னிக்க முடியாத ஒரு பிழையும் இருக்கிறது. புதன்கிழமை இரவு, நாளைய ஆட்டத்துக்கு 1-1 என்றும், கடைசி நாளில் எங்களுக்கு டிரா, அவர்களுக்கு வெற்றி என்றும் இட்டுப் பார்த்தேன். புள்ளிகள் சமமாகின. கோல் வித்தியாசம் அதிகம் என்பதால் செயலி எங்களையே இரண்டாம் இடத்தில் வைத்தது, நானும் நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலையில்தான் எங்கள் லீகின் விதி நினைவுக்கு வந்தது. இங்கிலாந்து, ஜெர்மனி லீக்குகளில் சமநிலையை முறிக்க முதலில் கோல் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள், ஸ்பெயினில் அந்த இரு அணிகளும் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் முடிவைப் பார்ப்பார்கள். எங்கள் லீகும் ஸ்பெயினின் வழியில் செல்வதுதான். சீசனின் முதல் டெர்பியில் நாங்கள் 0-1 என்று தோற்றிருக்கிறோம், ஆகவே அந்தக் கணக்கின்படி மேலேறப் போவது அவர்கள். லீகுக்கு லீக் மாறும் இந்த விதியைக் கணிப்பானில் சேர்க்காமல் விட்டது, காசு வாங்கும் ஒரு சேவைக்கு அழகில்லை. புகார் அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை.

காயம், தடை பற்றிய செய்திகள் நம்பகமானவை, விரைவானவை. செயலி காட்டும் வெற்றி வாய்ப்புச் சதவீதத்தை மட்டும் மறைத்து வைத்துவிட்டேன். காரணம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து டெர்பி ஒன்று. 2024 மே 3 அன்று, வென்றால் அன்றே மேலேறலாம் என்ற நிலையில் ஹாம்பர்க் அணியின் மைதானத்துக்குச் சென்றது, பட்டியலில் அவர்களுக்கு மேலே இருந்த அதே நகரத்து அணி சாங்க்ட் பௌலி. ஹாம்பர்க் 1-0 என வென்று, எதிரியின் கொண்டாட்டம் தன் மண்ணில் நடக்கவிடாமல் செய்தது. பௌலி அடுத்த ஆட்டத்தில் மேலேறிவிட்டது என்றாலும், அந்த இரவின் வேகத்தைச் சொல்லக்கூடிய சதவீதம் எதுவும் கிடையாது.

ஆடும் பதினொருவரின் பட்டியல் ஆட்டத்துக்குச் சுமார் 1 மணி நேரம் முன்பு வெளியாகும், இந்தச் செயலி அதை ஒருபோதும் தாமதித்ததில்லை. எங்கள் அணித் தலைவரின் பெயருக்கு அருகே இப்போதும் 'சந்தேகம்' என்றே இருக்கிறது. மற்ற அறிவிப்புகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அந்தப் பட்டியலின் அறிவிப்புக்கு மட்டும் ஒலியை வைத்திருக்கிறேன்.