பழைய ரெகுலேட்டர், புதிய கம்ப்யூட்டர்: ஏழு ஆண்டுகள் கழித்து என் ஸ்கூபா கருவிகள்

2018 மார்ச்சில் நான் வாங்கிய ரெகுலேட்டருக்கு (சிலிண்டரிலிருந்து மூச்சுக் காற்றைத் தரும் கருவி) அப்போதே நான்கு வயது. இன்றும் கடலுக்கடியில் அதில்தான் மூச்சு விடுகிறேன். என் லாக் புத்தகத்தில் 170 டைவ்கள் ஏறிவிட்டன. பெரும்பாலும் மலேசியாவின் மெர்சிங்கில் படகேறிப் போகும் தியோமான் தீவு. சில ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவு. அதே மாதம் வாங்கிய பழைய பிசிடி (காற்று ஊதி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலுடுப்பு) ஒன்றரை வருடம்கூடத் தாங்கவில்லை. ரெகுலேட்டரை வாங்கும் முன், பின்னால் சர்வீஸுக்காக அதைப் பிரித்துப் பார்க்கப்போகிறவரிடம் போய்க் கேட்டேன். பிசிடிக்கு யாரிடமும் கேட்கவில்லை. முதல் செட் வாங்கப்போகிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இந்த வித்தியாசத்தைத்தான்.

வாடகைக் கருவிகளோடு ஒரு வருடம் ஓட்டினேன். வெள்ளி இரவு பேருந்தில் ஏறி, எல்லையைக் கடந்து, விடியற்காலை மெர்சிங் போய், படகில் தீவுக்குச் சேர்ந்தால் கைக்குக் கிடைப்பது ஒவ்வொரு முறையும் வேறொரு பிசிடி. காற்றை வெளியேற்றும் கயிறு ஒன்றில் தோளில் இருக்கும், இன்னொன்றில் இடுப்புக்குப் பின்னால் இருக்கும். எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும் என்பதும் அதோடு மாறும். நீருக்குள் மிதப்பைச் சரிசெய்யக் கற்றுக்கொள்ளும் காலத்தில் இது பெரிய இடைஞ்சல்.

முதலில் வாங்கியது மாஸ்க், புதிதாக, 70 சிங்கப்பூர் வெள்ளிக்கு. பட்டையைத் தலைக்குப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். கடையில் ஒன்பது மாஸ்க் போட்டுப் பார்த்துப் பத்தாவதை எடுத்தேன். மீசை வைத்திருப்பவர்கள் மூக்குக்குக் கீழே ஒரு கோடு மழித்துக்கொள்வது நல்லது; சிலிக்கான் தோலில் படிந்தால்தான் தண்ணீர் புகாது. புதுக் கண்ணாடியின் உள்பக்கத்தில் தயாரிப்பின்போது படியும் மெல்லிய படலம் இருக்கும். அதைப் பற்பசை போட்டுத் தேய்த்து எடுக்காவிட்டால் டைவ் முழுக்க ஆவி படியும். கிட்டப்பார்வை உள்ளவர்கள் பவர் லென்ஸ் மாற்றக்கூடிய மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரையும் புதிதாகத்தான் வாங்கினேன், 310 வெள்ளி. ஒற்றைப் பட்டன் உள்ள அடிப்படை மாடல். பேட்டரியை நாமே மாற்றலாம். என் உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைந்திருக்கிறது என்று கணக்கு வைப்பது இது ஒன்றுதான். அந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் வேறு. காலையில் நண்பர் கட்டிப்போன கம்ப்யூட்டரை மதியம் நான் கட்டிக்கொண்டால் அது காட்டுவது அவருடைய காலைக் கணக்கை. பழைய கம்ப்யூட்டரில் ஆழத்தை அளக்கும் உணரி சரியாக இருக்கிறதா என்று கடை வாசலில் நின்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் முதலில் வாங்குங்கள், மற்றதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஃபின்ஸ் எனும் கால் துடுப்புகளும் பூட்டி எனும் காலணியும் புதிதாக 130, உடம்புச் சூட்டைக் காக்கும் 3 மில்லிமீட்டர் வெட்சூட் 110. தியோமானில் தண்ணீர் 28, 29 டிகிரி இருக்கும், அதற்கு இது போதும். இவற்றைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.

ரெகுலேட்டருக்கு வருவோம். ஏபெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்டிஎக்ஸ்50 மாடல், அவசரத்துக்கான இரண்டாவது வாய்ப்பகுதியான ஆக்டோபஸ், சிலிண்டர் அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜ், சிலிண்டரில் மாட்ட உதவும் யோக் அடாப்டர் எல்லாம் சேர்த்து 280 வெள்ளி. விற்றவர் சிங்கப்பூரில் வேலை முடிந்து சொந்த ஊர் திரும்புகிறவர். விளம்பரத்தைப் பார்த்ததும் அவரைக் கூப்பிடவில்லை. முதலில் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்யும் ஒரு சீனப் பெரியவரிடம் போனேன். நாங்கள் எல்லோரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். "இந்த மாடலுக்கு உதிரிபாகம் கிடைக்கும். நானே நிறைய செய்திருக்கிறேன். ஆனால் வாங்கும் முன் மூன்று இடம் பார்த்துவிட்டு வா" என்றார்.

ஒன்று, ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டும் முனையில் உள்ள சல்லடை. அது பளிச்சென்று வெள்ளி நிறமாக இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் உள்ளே உப்புத் தண்ணீர் போயிருக்கிறது. பழுப்பு என்றால் துருப்பிடித்த இரும்புச் சிலிண்டரோடு ஓட்டியிருக்கிறார்கள். இரண்டு, அந்த முனைக்கான மூடியான டஸ்ட் கேப்பை இறுக்கி மூடிவிட்டு வாய்ப்பகுதியை வாயில் வைத்து உறிஞ்சினால் காற்று வரக்கூடாது. வந்தால் டயாஃப்ரம் எனும் மெல்லிய ரப்பர் தகடோ வெளிமூச்சு வால்வோ எங்கோ ஒழுகுகிறது, தண்ணீருக்குள் போனால் அதே வழியாக உப்பு நீர் வாய்க்குள் வரும். மூன்று, ஹோஸ் (காற்றுக் குழாய்) உலோகத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உறையைப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். விரிசல் பெரும்பாலும் அந்த மறைவில்தான் தொடங்கும்.

மூன்றிலும் தேறியது. சர்வீஸ் ரசீதுகளும் பத்திரமாக இருந்தன. வாங்கிய கையோடு அங்கிளிடம் கொடுத்து முழுச் சர்வீஸ் செய்ய 140 வெள்ளி ஆனது. ஆக, அந்த ரெகுலேட்டரின் உண்மை விலை 420. பழையதை வாங்குகிறவர்கள் இந்த இரண்டாவது தொகையைத்தான் மறந்துவிடுகிறார்கள். மலிவாகக் கிடைத்த ரெகுலேட்டரை அப்படியே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கும் மேற்பரப்புக்கும் நடுவில் இருப்பது அது ஒன்றுதான். உதிரிபாகம் நிறுத்தப்பட்ட மாடலாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சிலிண்டரில் இருக்கும் 200 பார் அழுத்தத்தை, ரெகுலேட்டரில் சிலிண்டரோடு மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் முதலில் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. அங்கிருந்து வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜ் நம் மூச்சுக்கு ஏற்றபடி குறைத்துத் தருகிறது. என்னுடையது பேலன்ஸ்டு டயாஃப்ரம் வகை. அதனால் சிலிண்டரில் 60 பார் மிச்சமிருக்கும்போதும் தொடக்கத்தில் இழுத்த அதே சுகத்தில் மூச்சு இழுக்க முடிகிறது. தியோமானுக்கு அருகிலுள்ள செபே தீவின் பெரிய பாறைகளைச் சுற்றி நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி மூச்சு வாங்கும்போதெல்லாம் இதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

இனி பிசிடி. 180 வெள்ளி, பார்க்கப் புதிதுபோல இருந்தது. விற்றவர் வீட்டு வாசலிலேயே ஊதிப் பார்த்தேன், பத்து நிமிடம் கல் மாதிரி நின்றது. வாங்கி வந்துவிட்டேன்.

2019 ஆகஸ்டில் லாபாஸ் தீவுக்கருகே இரண்டாம் நாள் டைவ். 14 மீட்டர் ஆழத்தில், பிசிடிக்குள் காற்று விடும் இன்ஃப்ளேட்டர் பட்டனைத் தொட்டு ஒரு துளி காற்று விட்டேன். விரலை எடுத்த பிறகும் காற்று நிற்கவில்லை. விலா எலும்பைச் சுற்றி பிசிடி இறுகுவது தெரிந்தது, பாறை கீழே போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. இடது கையால் காற்றை வெளியேற்றும் கயிற்றை இழுத்தபடி வலது கையால் இன்ஃப்ளேட்டர் ஹோஸைக் கழற்றினேன். பயிற்சிக் குளத்தில் ஒரே ஒரு முறை செய்தது கை தானாகச் செய்தது. நின்றபோது 9 மீட்டர். முழுநேரமும் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது மட்டும் மனதில் ஓடியது. 10 மீட்டரில் நுரையீரலில் இருக்கும் காற்று மேற்பரப்பில் இரண்டு மடங்காகிவிடும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே போனால் நுரையீரல் கிழியக்கூடும். மீதி டைவை முடிக்காமல் கூட்டாளிக்குச் சைகை காட்டி இருவரும் மெதுவாக ஏறினோம்.

ஊர் திரும்பியதும் அங்கிள் இன்ஃப்ளேட்டரைப் பிரித்துக் காட்டினார். பட்டனுக்குக் கீழே கல்லுப்பு. எனக்கு முந்தையவர் அதை நல்ல தண்ணீரில் அலசியதே இல்லை, நானும் வாங்கியபோது பிரிக்கச் சொல்லவில்லை. இரவு முழுக்க ஊதி வைத்துப் பார்த்தோம்; காலையில் தொய்ந்து கிடந்தது. தையல் ஓரமும் மெல்ல ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய பிசிடி வாங்குவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். விற்பவரிடம் முந்தைய இரவே ஊதி வைக்கச் சொல்லிவிட்டு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே உப்பு கரகரக்கிறதா என்று கேளுங்கள். வாங்கினால் இன்ஃப்ளேட்டரை முதல் டைவுக்கு முன்பே சர்வீஸ் செய்யுங்கள். நான் அதன்பிறகு என் அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஒன்றைப் புதிதாக 520-க்கு வாங்கினேன். இன்றுவரை நன்றாக இருக்கிறது.

2020 மார்ச்சில் மலேசிய எல்லை மூடியது. 2022 ஏப்ரல் 1 வரை தியோமான் இல்லை. வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஹந்துவுக்கும் போகவில்லை. இரண்டு வருடம் கருவிகள் அலமாரியில் கிடந்தன. டைவ் செய்யவே இல்லையே, தேய்மானம் ஏது என்று நினைத்தேன். அங்கிளின் மேசையில் ரெகுலேட்டரோடு அழுத்தமானியை மாட்டியதும் முள் 9.5 பாரில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறியது. அது நிலையாக நின்றால்தான் உள்ளே இருக்கும் வால்வு சரியாக மூடுகிறது என்று அர்த்தம். ஏறிக்கொண்டே போனால் கடலில் செகண்ட் ஸ்டேஜ் தானாகக் காற்றைக் கொட்டத் தொடங்கும். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையங்களின் கிரீஸ் காய்ந்து இறுகியிருந்தது. சர்வீஸ் 160 வெள்ளி. 2024-ல் மறுபடி 180. டைவ் எண்ணிக்கையோடு நாட்காட்டியையும் பார்க்க வேண்டும் என்பதை அந்த முள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் அலசுவதற்குக் குளியலறையும் ஒரு பெரிய வாளியும்தான். டஸ்ட் கேப்பை நன்றாகத் துடைத்து மூடிய பிறகே ரெகுலேட்டரை ஊறவைப்பேன். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் முன்பொத்தானை அழுத்தக்கூடாது. அழுத்தினால் ஹோஸ் வழியாகத் தண்ணீர் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வரை போய்விடும். பிசிடிக்குள் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கி, வடித்து, பாதி ஊதி நிழலில் தொங்கவிடுவேன். ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வீடு வந்து இதைச் செய்ய அலுப்பாகத்தான் இருக்கும். லாபாஸுக்குப் பிறகு ஒருமுறையும் தள்ளிப்போட்டதில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். வாங்கியது, சர்வீஸ் எல்லாம் சேர்த்து 2,080 வெள்ளி. இதுவரை 34 பயணங்கள். வாடகையாகப் பயணத்துக்கு 60 வைத்தால் 2,040. கிட்டத்தட்ட சமம். மிச்சம் பிடிக்கலாம் என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவருக்கு வாடகைதான் லாபம். எனக்குக் கிடைத்தது வேறு: கண்ணை மூடிக்கொண்டும் என் கை எல்லா வால்வையும் தொடும். ரெங்கிஸ் தீவருகே துடுப்பு நுனி கறுத்த சுறா ஒன்று வளைந்து போகும்போது கருவியைப் பற்றிய நினைப்பே வராமல் அதை மட்டும் பார்க்க முடிகிறது.

நான்கு ஹோஸ்களும் ரெகுலேட்டரோடு வந்தவை, பதினோரு வயதாகிவிட்டன. ரப்பர் உறைக்குள் விரிசல் இன்னும் இல்லை, ஆனாலும் அடுத்த சீசன் தொடங்கும் முன் மாற்றச் சொல்லிவிட்டேன். பார்க்க அழகாக, வளைந்துகொடுக்கும் பின்னல் ஹோஸ் போடலாமா என்று அங்கிளைக் கேட்டேன். அவற்றில் சிலவற்றின் உள்சுவர் காலப்போக்கில் படிகமாகி உதிர்ந்து காற்றை அடைத்திருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்றார். சாதாரணக் கறுப்பு ரப்பர் ஹோஸுக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.