ஹெட்போன், ஸ்பீக்கர் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிய வருபவை

ஸ்பீக்கர் சிபியூவின் பின்பக்கப் பச்சை ஜாக்கில், ஹெட்போன் முன்பக்க ஜாக்கில். பெரும்பாலான வீடுகளில் இதுதான் ஏற்பாடு. ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் அடங்கும், பிடுங்கினால் மறுபடி பேசும். புதிதில் ஒரு குறையும் தெரியாது. டெல்டாவில் சில ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்த பிறகுதான் முன்பக்க ஜாக் தன் வேலையைக் காட்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்வதால் இன்னும் சீக்கிரம்.

ஜாக்குக்குள் மெல்லிய தகடு ஒன்று உண்டு. ஹெட்போனின் பின் (செருகும் முனை) உள்ளே வந்ததா இல்லையா என்று மதர்போர்டுக்குச் சொல்வது அதுதான். தினமும் செருகிப் பிடுங்குவதில் தகடு வளையும். ஈரத்தில் பச்சை பூக்கும். அப்புறம் ஹெட்போனைக் கழற்றிய பின்னும் அது மாட்டியிருப்பதாகவே கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்து, ஹெட்போன் பின்னில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை லேசாகத் தடவி, பத்து முறை செருகி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால், போர்டில் உள்ள ரியல்டெக் ஒலிச் சிப்புக்கான அமைப்பு நிரலான ரியல்டெக் ஆடியோ கன்சோலில் முன்பக்க ஜாக்கைக் கண்டறியும் வசதியையே நிறுத்திவிடலாம்.

அதே கன்சோலின் அட்வான்ஸ்டு பகுதியில், முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனி ஒலியை வெளியிடும்படி வைக்கும் தேர்வு பல போர்டுகளில் உண்டு. உண்மையான தீர்வு இதுதான். இதைப் போட்டால் விண்டோஸ் இரண்டையும் தனித்தனிக் கருவிகளாகக் காட்டும். ஹெட்போன் நிரந்தரமாகச் செருகியே இருக்கலாம், ஜாக்கும் தேயாது. விண்டோஸோடு வரும் பொது டிரைவரில் (ஒலிச் சிப்பை இயக்கும் மென்பொருள்) இந்தத் தேர்வு தென்படாது. போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து ரியல்டெக் டிரைவரை இறக்கிப் போட வேண்டும்.

ஒலியை ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் மாற்றுவது எப்படி? விண்டோஸ் 11 என்றால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கருவிப் பட்டியல் வரும். விண்டோஸ் 10இல் கீழே உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, கருவியின் பெயருக்குப் பக்கத்து அம்புக்குறியைத் தட்ட வேண்டும். அடிக்கடி மாற்றுபவர்களுக்கு இலவச நிரலான சவுண்ட்ஸ்விட்ச் போதும்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 11 அழுத்தினால் அடுத்த கருவிக்குத் தாவும்.

மாற்றிய பிறகும் ஒரு நிரல் மட்டும் பழைய இடத்திலேயே பாடினால், வால்யூம் மிக்ஸரில் அதற்குத் தனிக் கருவி ஒதுக்கப்பட்டிருக்கும். அங்கேயே ரீசெட் கொடுக்கலாம். ஜூம் போன்றவற்றுக்கு அவற்றின் உள்ளேயே தனி அமைப்பு உண்டு. ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் இணைத்திருந்தால் அதுவும் ஒரு ஸ்பீக்கராகப் பட்டியலில் வந்து உட்காரும், சில நேரம் ஒலியையும் பிடுங்கிக்கொள்ளும். தேவையில்லை என்றால் சவுண்ட் செட்டிங்ஸில் அதை டிசேபிள் செய்துவிடுங்கள்.

அடுத்தது உறுமல். ஹெட்போனில் சுத்தமாகக் கேட்பது ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று வந்தால் முதல் சந்தேகம் எர்த் மீது. எர்த் வராத பிளக்கில் சிபியூவின் தகரப் பெட்டி தொட்டால் சுருக்கென்று இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களால் பெட்டியில் சுமார் 115 வோல்ட் மிதப்பதே காரணம். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்கு ஒயரே இருக்காது. கடலோரத்தில் எர்த் பைப்பே துருப்பிடித்துப் போயிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எர்த் சரியாக இருந்தும் உறுமினால் சிபியூ, மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் செருகிப் பாருங்கள். கரென்ட் போனபோது மட்டும் கரகரத்தால் ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்கள் அப்படித்தான்.

ஒரே ஜாக் உள்ள லேப்டாப்புக்கு ஒய் வடிவ ஸ்பிளிட்டர் மலிவு. ஆனால் இரண்டும் ஒன்றாகவே பாடும், ஸ்பீக்கரை அதன் குமிழில்தான் அடக்க வேண்டும். மைக் உள்ள ஹெட்போனின் பின்னில் நான்கு வளையப் பகுதிகள் இருக்கும், சாதாரண ஸ்பிளிட்டரில் மைக் வேலை செய்யாது. சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு இதைவிட மேல், அது தனிக் கருவியாகவே வரும்.

புளூடூத் ஹெட்போனில் மைக்கைத் திறந்ததும் பாட்டு டெலிபோன் குரலாக மாறினால் ஹெட்போன் பழுதாகிவிடவில்லை. அழைப்புக்கான முறைக்குத் தாவியிருக்கிறது. ஜூமில் மைக்கை மட்டும் லேப்டாப்பின் சொந்த மைக்குக்கு மாற்றிவிட்டால் பழைய தரம் திரும்பும்.