பெயர்ப்பலகை இல்லாத பழைய மரக்கடை: கட்டை வாங்கலாம், சுண்ணாம்பு வாங்காதீர்கள்

திருவல்லிக்கேணியில் இருக்கும் எங்கள் மாமியார் வீட்டுக் கூடத்தில், போன ஐப்பசி மழைக்குப் பிறகு மேலேயிருந்து செங்கல் தூள் உதிர ஆரம்பித்தது. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிசு செங்கல்லை மூலைவாட்டாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லித் தளம் போட்டு, தட்டோடு பதித்தது. பார்க்க வந்த இன்ஜினியர் சரியாக அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "இடிச்சிட்டு ஸ்லாப் போட்டுடலாம் மேடம்" என்றார். என் வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறித் தட்டிப் பார்த்ததில் 12 கட்டைகளில் 2 மட்டும்தான் முனை இற்றுப் போயிருந்தது. அந்த 2 கட்டைகளைத் தேடித்தான் இந்தக் கடைக்குப் போனேன்.

செங்குன்றம் போகும் வழியில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் நாற்பது ஐம்பது பழைய கதவுகள் சாய்த்து வைத்திருக்கும், அதுதான் அடையாளம். இடித்த வீடுகளிலிருந்து வந்த நிலை, ஜன்னல், உத்தரம் எல்லாம் உள்ளே அடுக்கியிருக்கிறது. பெயின்ட் வாளி வாளியாகப் பித்தளைக் கொண்டி, நாதாங்கி, கீல். ஒரு மூலையில் ஊஞ்சல் சங்கிலிகள். யாரோ ஆசையாகக் கட்டிய வீடெல்லாம் வாளியில் கிடக்கிறதே என்று முதல் பத்து நிமிஷம் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் பேரத்தில் இறங்கியதும் மறந்துவிட்டது.

கடைக்கார பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மங்களூர் ஓட்டுக் குவியலில் ஒரு ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். பாசல் மிஷன் பெயரும் 1865 என்ற வருஷமும் அச்சாகியிருந்தது. "பாய், 1865ஆம் வருஷத்து ஓடா!" என்று வாயைப் பிளந்தேன். சிரித்தார். "அது கம்பெனி ஆரம்பிச்ச வருஷம்கா. அப்புறம் போட்ட ஓட்டுலயும் அதே அச்சுதான்." தலையாட்டிவிட்டு விலையை ஏற்றியிருக்கலாம், ஏற்றவில்லை. அங்கேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

கட்டை விஷயத்துக்கு வருகிறேன். கைபேசியில் எங்கள் கூரைப் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "12ம் மாத்தணும்னு எவன் சொன்னாலும் கேக்காதீங்க. ரெண்டு பக்கமும் பலகை வெச்சு முட்டு கொடுத்து, ஒண்ணு ஒண்ணா உருவி மாத்தலாம்" என்றார். பர்மா தேக்கு, 11 அடி நீளத்தில் 2 கட்டைகள் எடுத்துக் கொடுத்தார். பேனாக்கத்தியால் ஒரு கீறு கீறிக் காட்டினார். மேலே கரிக்கட்டை மாதிரி இருந்த மரம், உள்ளே தேன் நிறம். எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை.

இனி என் புகார். கன அடி கணக்கில்தான் விலை. அடியில் நீளம், அங்குலத்தில் அகலம், கனம் மூன்றையும் பெருக்கி 144ஆல் வகுக்க வேண்டும். 11 அடி நீளம், 4க்கு 3 அங்குலக் கட்டை என்றால் 0.92 கன அடி வரும். ஆனால் சுவருக்குள் புதைந்திருந்த முனைகள் இரண்டு பக்கமும் அரை அரை அடி உளுத்திருக்கும், அது எப்படியும் அறுத்துப் போடுகிற பாகம். கடைப் பையன் அதையும் சேர்த்தே அளந்தான். நான் டேப்பைப் பிடுங்கித் திரும்ப அளந்து, 10 அடிக்குத்தான் காசு கொடுத்தேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டால் விடுகிறார்கள், கேட்காவிட்டால் போச்சு. இன்னொன்று, கையோடு ஒரு காந்தம் கொண்டுபோங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் பழைய ஆணி கண்ணுக்குத் தெரியாது, ஆசாரியின் ரம்பப் பல் போன பிறகுதான் தெரியும். எங்கள் ஆசாரி அன்று பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

சுண்ணாம்பு. இதில்தான் ஏமாந்தேன். 'கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீற்றாதது', அதாவது இன்னும் தண்ணீர் விடாதது என்று 3 மூட்டை கொடுத்தார்கள். பாய் சொல்லி வந்த வயசான கொத்தனார் ஒரு பிடி அள்ளித் தகர டின்னில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நல்ல சுண்ணாம்பு என்றால் 'உஸ்' என்று சீறிக் கொதித்து, வெடித்து மாவாக வேண்டும். கண்ணில் தெறித்துவிடும் என்று என்னை நாலடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. கோலமாவு மாதிரி அப்படியே அடியில் உட்கார்ந்தது. "காத்து பட்டு செத்துப் போச்சும்மா. இதுல பூசுனா ஒட்டாது" என்றார். போன் பண்ணினேன். மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தார் பாய், ஆனால் போக வர வண்டிச் சத்தம் என் தலையில். பிறகு கொத்தனாரே சூளையிலிருந்து நேராக வாங்கி வந்தார். அதை நீற்றி, தொட்டியில் தண்ணீருக்கு அடியில் 3 வாரம் ஊறப் போட்டு, வெண்ணெய் மாதிரி ஆனதும் எடுத்தோம்.

அந்தச் சுண்ணாம்பைக் கலவையாக்கக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் 2 கிலோ கடுக்காய் கேட்டதும், "வீட்ல எத்தனை பேருக்கும்மா வயிறு சரியில்லை?" என்று கேட்டார்கள்.

இந்தக் கொத்தனாரை அறிமுகப்படுத்தியதுதான் அந்தக் கடையால் எனக்குக் கிடைத்த பெரிய லாபம். 3 வருஷம் முன்பு ஒரு கான்ட்ராக்டர் ரேழிச் சுவரில் ஓதம் என்று சிமென்ட் பூசிவிட்டுப் போனார். இரண்டே மழையில் அப்பளம் மாதிரி பொருமி விழுந்தது. கொத்தனார் கையால் தடவிப் பார்த்துச் சொன்னார்: "உள்ள சுண்ணாம்புக் கட்டு. அது தண்ணிய இழுக்கும், வெளிய விடும். நீங்க வாயை அடைச்சிட்டீங்க. தண்ணி எங்க போகும்? மேலதான் ஏறும்." சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசியிருக்கிறது. இந்த வருஷ மழைக்கு உப்பு பூக்கவில்லை. அடுத்த மழையையும் பார்த்துவிட்டுத்தான் முழுசாகச் சொல்வேன்.

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். மெட்ராஸ் டெரசுக்கு என்றே இந்தியத் தர நிர்ணயம் ஒன்று உண்டு: ஐ.எஸ். 2119. காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். படத்தைப் பார்த்தாலே கட்டை எங்கே, செங்கல் எப்படி என்று புரியும். இடிக்கச் சொல்கிற இன்ஜினியர் முன்னால் அதை எடுத்து நீட்டினால் பேச்சு தானாக மாறுகிறது. முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராவுக்கும் ஒரு நடை போய் வாருங்கள், செவ்வாய்க்கிழமை விடுமுறை. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். நிலை சுவரோடு எப்படிச் சேர்கிறது, தாழ்வாரத்துத் தண்ணீர் முற்றத்தில் எப்படி விழுகிறது என்று நின்று நிதானமாகப் பார்க்கலாம். பொம்மை, துணி விற்கிற பக்கம் போனால் நேரம் போய்விடும், ஜாக்கிரதை.

மரத்துக்கும் பித்தளைச் சாமானுக்கும் இந்தக் கடையை 5க்கு 4 சொல்வேன். பில் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள், அதற்குத்தான் ஒரு மார்க் குறைத்தேன். சுண்ணாம்புக்குப் பூஜ்யம். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், பாய் தொழுகைக்குப் போய்விடுவார், பையனுக்கு விலை தெரியாது.

இரட்டைக் கதவு ஒன்று நிலையோடு பார்த்து வைத்திருக்கிறேன், 18,000 சொல்கிறார். நான் 14,000இல் நிற்கிறேன். உங்களில் யாராவது போனால் இடது பக்கம் மூன்றாவது வரிசையில் இருக்கும், தயவுசெய்து அதை மட்டும் விட்டுவிடுங்கள்.